பயில்முறை நாடகக் குழுவும் நகைச்சுவையும்: சுகுண விலாச சபையின் ‘சபாபதி’

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் தொழில்முறைக் குழுக்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஊதியம் கருதாது நாடகம் நிகழ்த்திய பயில்முறைக் குழுக்களின் பங்களிப்பு, குறிப்பாக நகைச்சுவை நாடகத்திற்கு அவை அளித்த தகுதி, தனித்து நோக்கத்தக்கதாகும்.

சபையின் தோற்றம்

1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியாரின் சரச விநோதினி சபையினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நிகழ்த்தினர். வழக்கறிஞர் ஒருவர் மேடையேறி நடித்தது, நாடகத்தை இழிவாகக் கருதி வந்த இளைஞர் பம்மல் சம்பந்த முதலியாரின் மனத்தை மாற்றியது. அவ்வாண்டிலேயே நண்பர்களுடன் அவர் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். ‘கூத்தாடி’ என்னும் இழிசொல் வழங்கிய காலத்தில் கற்றோரும் அலுவலரும் அதில் நடித்தனர். பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்றனர், அவ்வகையில் சி. இரங்கவடிவேலு பெரும் புகழ் பெற்றார். தேசியத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தியும் இச்சபை நாடகங்களில் நடித்துள்ளார்.

நகைச்சுவையின் இடம்

பாடல்கள் மிகுந்த தொழில்முறை நாடகங்களில் நகைச்சுவை பெரும்பாலும் ‘பபூன்’ பாத்திரத்தின் பொறுப்பாக, கதையோடு ஒட்டாது நின்றது. சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் நகைச்சுவையே நாடகமாயிற்று. செல்வர் வீட்டு இளைஞனுக்கும் அவன் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். இட்ட ஏவலைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றி வேலைக்காரன் குழப்பம் விளைக்கிறான். ஆயின் தலைவனும் அறிவில் அவனுக்கு மிக உயர்ந்தவனல்லன். பெயர் ஒன்றாயிருப்பதே அவ்வொப்புமையைப் புலப்படுத்துகிறது. வேலைக்காரனை எள்ளி நகைக்கும் அவையோர் தம் வகுப்பைச் சார்ந்த தலைவனையும் எள்ள நேர்கிறது. வசதியும் ஓய்வும் உடையோர் நடத்திய சபையொன்று அத்தகையோரையே நகைப்புக்கு உரியவராக்கியது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

1941இல் ஏ.வி. மெய்யப்பன், ஏ.டி. கிருஷ்ணசாமி ஆகியோரின் இயக்கத்தில் இந்நாடகம் திரைப்படமாயிற்று. டி.ஆர். இராமச்சந்திரன் தலைவனாகவும், தொழில்முறை மேடையில் பயின்ற காளி என். இரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர். பயில்முறை அரங்கில் உருவான நகைச்சுவை, தொழில்முறைக் கலைஞரின் வழியே பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தது. எனவே இவ்விரு மரபுகளையும் எதிரெதிராக நிறுத்தாது, ஒன்றையொன்று வளர்த்தனவாகக் கொள்வதே பொருத்தமாகும்.