முட்டாள்கள் தின ஜோக் நிஜமான கதை

2009 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஒரு புது வசதியை அறிவித்தது. பெயர் ஜிமெயில் ஆட்டோபைலட். நமக்கு வரும் மின்னஞ்சலை அதுவே படிக்குமாம், நம் பாணியிலேயே பதிலும் எழுதி அனுப்பிவிடுமாம். தேதியைப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் ஆறே வருடத்தில் அதே கூகுள் அதில் பாதியை நிஜமாக்கிவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

வேறு வேறு கணினிகளுக்கு இடையே முதல் மின்னஞ்சல் போனது 1971-ல். அனுப்பியவர் ரே டாம்லின்சன். அடுத்த ஏழே வருடத்தில் தொல்லையும் ஆரம்பித்தது. 1978-ல் கேரி துர்க் என்ற விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இன்றைய ஸ்பாமுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

ஆக, இயந்திரம் முதலில் வந்தது எழுதுவதற்கு அல்ல, குப்பை அள்ளுவதற்கு! 2002-ல் பால் கிரஹாம் ஒரு கட்டுரை எழுதினார். எந்தச் சொல் குப்பை அஞ்சலில் அதிகம் வருகிறது, எது நல்ல அஞ்சலில் வருகிறது என்று கணக்கிட்டு, நிகழ்தகவை வைத்தே பிரிக்கலாம் என்றார். விதிகளை மனிதன் எழுதத் தேவையில்லை. அஞ்சல்களைப் பார்த்து மென்பொருளே கற்றுக்கொள்ளும். 2010-ல் வந்த பிரையாரிட்டி இன்பாக்ஸ் ஒரு படி மேலே போய், நல்ல அஞ்சல்களிலும் எது முக்கியம் என்று தரம் பிரித்தது.

2015 நவம்பரில் ஸ்மார்ட் ரிப்ளை வந்தது. வந்த அஞ்சலைப் படித்து மூன்று குட்டிப் பதில்களைக் காட்டும், ஒன்றைத் தொட்டால் போதும். இதன் சோதனைக் கட்டத்தில் ஒரு வேடிக்கை. அலுவலக அஞ்சலுக்குக்கூட அது 'ஐ லவ் யூ' என்று பதில் சொல்லச் சொன்னதாம்! காரணம் எளிது. மக்கள் அடிக்கடி எழுதும் வாக்கியம் அது. குழப்பம் வந்தால் இயந்திரம் அடிக்கடி பார்த்ததைத்தான் பிடித்துக்கொள்ளும்.

2018-ல் வந்த ஸ்மார்ட் கம்போஸ் நாம் தொடங்கிய வாக்கியத்தை முடித்துக் கொடுத்தது. அதிலும் ஒரு சிக்கல். ஒரு முதலீட்டாளரைச் சந்திக்கப் போகிறேன் என்று எழுதினால், அவர் ஆண் என்றே வைத்துக்கொண்டு அடுத்த வரியைக் காட்டியது. கடைசியில் ஆண், பெண் சுட்டும் சொற்களையே பரிந்துரைக்காதபடி கூகுள் நிறுத்திவிட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் முழு அஞ்சலையுமே இயந்திரம் எழுதத் தொடங்கியது. 2023-ல் மைக்ரோசாஃப்ட் தன் அலுவலக மென்பொருள்களில் கோபைலட்டைச் சேர்த்தது. இரண்டு வரிக் குறிப்பை அது இரண்டு பத்தியாக்கும். மறுமுனையில் இருப்பவரோ அதே கோபைலட்டை விட்டு அதை மீண்டும் இரண்டு வரியாகச் சுருக்கிக்கொள்ளலாம். அப்படியென்றால் நடுவில் இருந்த பத்திகள் யாருக்காக?

இந்தக் கேள்வி சிரிப்பாக இல்லாமல் போன நாளும் உண்டு. 2023 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதையொட்டி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு ஆறுதல் அஞ்சல் அனுப்பியது. ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வோம் என்றெல்லாம் எழுதியிருந்தது. அடியில் ஒரு சின்னக் குறிப்பு: சாட்ஜிபிடி உதவியுடன் எழுதப்பட்டது. மாணவர்கள் கொதித்துப் போனார்கள். அலுவலகம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அந்த அஞ்சலில் இலக்கணப் பிழை இருந்ததாக யாரும் சண்டை போடவில்லை. ஆறுதல் என்றால் ஒருவர் நமக்காக உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதுதானே? அதுதான் அங்கே இல்லை.

குப்பையைப் பிரிப்பது, தரம் பிரிப்பது, சின்னப் பதில், முழு அஞ்சல் என்று ஒவ்வொரு படியிலும் நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றி விட்டிருக்கிறோம். மீட்டிங் எத்தனை மணிக்கு என்பதை இயந்திரம் எழுதட்டும், நேரம் மிச்சம். ஆனால் ஆறுதல், மன்னிப்பு, ஒருவரை வேலையை விட்டு அனுப்பும் செய்தி, இவற்றை நாமே எழுதுவோம். தமிழ் தடுமாறினாலும் சரி, ஆங்கிலம் தடுமாறினாலும் சரி!