யூ.எஸ்.பி. தரவுச் சேகரிப்புக் கருவிகளைக் கணினி அடையாளம் காணாமை

சென்சார்கள் தரும் மின்னழுத்தத்தை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் சாதனம் தரவுச் சேகரிப்புக் கருவி. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யூ.எஸ்.பி.-6008, லேப்ஜாக் யூ3, புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கருவியைச் செருகியும் அது கணினியில் தோன்றாவிட்டால் ‘அடையாளம் காணவில்லை’ என்கிறோம். ஒரே பெயரில் வழங்கினாலும் இது ஒரே கோளாறு அல்ல. பலரும் உடனே டிரைவரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

யூ.எஸ்.பி. 2.0 கேபிளில் நான்கு கம்பிகள் உண்டு: 5 வோல்ட், தரை, தரவுக்கு இரண்டு. கருவிக்கு மின்சாரம் கிடைத்ததும் அதிலுள்ள 1.5 கிலோ ஓம் மின்தடை தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கணினி இதைக் கொண்டே அறிகிறது. பிறகு கருவியை ரீசெட் செய்து, 1 முதல் 127 வரையுள்ள முகவரிகளில் ஒன்றை வழங்கி, அதன் விவரக்குறிப்பைக் கேட்டுப் பெறுகிறது. 18 பைட் நீளமுள்ள அந்தக் குறிப்பில் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும். இந்த எண்களுக்குப் பொருந்தும் டிரைவரை இயங்குதளம் அதன் பிறகுதான் தேடுகிறது. ஆகவே எண்களே வந்து சேராத கருவியை எந்த டிரைவராலும் எழுப்ப முடியாது. எண்கள் வந்துவிட்டால் கேபிளைச் சந்தேகிக்கப் பெரும்பாலும் தேவையில்லை.

எண்கள் வந்தனவா என்பதை விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலும் லினக்ஸின் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையிலும் பார்க்கலாம். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவியானால் 3923 என்ற தயாரிப்பாளர் எண் தெரிய வேண்டும். விவரக்குறிப்பைப் பெற முடியாதபோது விண்டோஸ் பிழை எண் 43-ஐயும் தயாரிப்பாளர் எண்ணாக 0000-ஐயும் காட்டும். லினக்ஸின் டிமெசேஜ் பதிவில் -71 என்றிருந்தால் தகவல் சிதைந்து வந்திருக்கிறது, -110 என்றால் கருவி பதிலே சொல்லவில்லை.

கேபிளும் மின்சாரமும்

சார்ஜ் செய்வதற்கென்றே விற்கப்படும் கேபிள்கள் பலவற்றில் தரவுக் கம்பிகளே இல்லை. கருவியில் விளக்கு எரியும், கணினியில் ஒன்றும் தெரியாது. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தொடக்கத்தில் 100 மில்லியாம்பியரையும் மேலே சொன்ன அறிமுகம் முடிந்தபின் 500 மில்லியாம்பியர் வரையும் தரும். தனி மின்இணைப்பு இல்லாத ஹப்பின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லியாம்பியர்தான். தரவுச் சேகரிப்புக் கருவிகளுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே கவனிக்க வேண்டும். பல கருவிகள் தம் திருகு முனைகள் வழியே சென்சார்களுக்கு 5 வோல்ட் தருகின்றன. அங்கே ஒரு கம்பி ஷார்ட் ஆனால் கருவியின் மின்சாரமே சரிந்து, அது கணினியின் பார்வையிலிருந்து மறைந்துவிடக்கூடும். எனவே சென்சார் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, கருவியை நேரடியாகக் கணினியின் போர்ட்டில் செருகிப் பார்ப்பதே முதல் சோதனை.

டிரைவர்

எண்கள் வந்தும் கருவி இயங்காவிட்டால் டிரைவரைப் பார்க்கலாம். பிழை எண் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை, 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் ஏற்கப்படவில்லை. பழைய 32 பிட் டிரைவர்கள் 64 பிட் விண்டோஸில் ஓடா. சைப்ரஸ் எஃப்.எக்ஸ்.2 சிப் உள்ள கருவிகள் சில, செருகியதும் கணினியிலிருந்து தம் ஃபர்ம்வேரைப் பெற்றுக்கொண்டு, இணைப்பைத் தாமே துண்டித்து, வேறு பொருள் எண்ணுடன் மீண்டும் தோன்றும். முதல் கட்டத்துக்குரிய டிரைவர் இல்லாவிட்டால் இரண்டாவது தோற்றம் நிகழவே நிகழாது.

லினக்ஸில் எண்கள் தெரிந்தும் நிரல் கருவியைத் திறக்க மறுத்தால், பெரும்பாலும் பயனருக்கு அனுமதி இல்லை. உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் சேவை, சிஎச்340 சிப் உள்ள கருவிகளைத் தனக்குரியவை என்று பிடித்துக்கொண்டதும் உண்டு.

2014 அக்டோபர் நிகழ்ச்சி இத்துறையில் மறக்கத் தகாதது. ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியே பரவி, எஃப்டி232 சிப்பின் போலிகளைக் கண்டறிந்து அவற்றின் பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. சிப்பிலேயே எழுதப்பட்டதால் வேறு கணினியில் செருகினாலும் பயனில்லை. போலி என்று அறியாமல் வாங்கியவர்களே தண்டிக்கப்பட்டனர். இது நியாயமான செயல் அல்ல. கண்டனம் எழுந்தபின் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

தொழிற்கூடங்களில்

மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் கருவி துண்டிக்கப்பட்டால் மின்காந்த இரைச்சலோ தரை இணைப்பு வேறுபாடோ காரணமாகலாம். யூ.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அனலாக் டிவைசஸின் ஏடியூஎம்4160 போன்ற சிப் கொண்ட தனிமைப்படுத்தி, கருவிக்கும் கணினிக்கும் இடையிலான நேரடி மின்தொடர்பை அறுத்துவிடும். ஆனால் அது நொடிக்கு 12 மெகாபிட் வரையிலான வேகத்துக்கு மட்டுமே உரியது. 480 மெகாபிட் வேகம் தேவைப்படும் கருவிக்கு ஆகாது.

சென்சார்களைக் கழற்றி, நல்லதென்று தெரிந்த கேபிளால் இரண்டு கணினிகளில் நேரடியாக இணைத்தும் தயாரிப்பாளர் எண் தோன்றாவிட்டால், கோளாறு கருவிக்குள் இருப்பதாகக் கொண்டு பழுதுபார்க்க அனுப்பலாம்.