பழைய மதுரை போஸ்ட் கார்டு: ஒரிஜினலா, ஒட்டுப்போட்டதா? யு.வி. டார்ச் காட்டிக்கொடுப்பது எப்படி?

மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் தெப்பக்குளம்... ஆங்கிலேயர் காலத்தில் அச்சான இந்தப் பட போஸ்ட் கார்டுகளுக்கு சேகரிப்பாளர்களிடம் இன்னும் மவுசு இருக்கு. சென்னையில் இயங்கிய 'வீலே அண்ட் கிளைன்' ஸ்டுடியோவும் தென்னிந்தியக் காட்சிகளை கார்டுகளாக வெளியிட்டது.

அந்தக் கால கார்டுகளில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் 'மதுரா' என்றே இருக்கும். அதை மட்டும் நம்பி காசைக் கொடுத்துவிட வேண்டாம். அதே எழுத்தோடு நேற்றுகூட அச்சடிக்கலாம்.

யு.வி. வெளிச்சத்தில் என்ன தெரியும்?

பளிச்சென்று தெரிய, இன்றைய வெள்ளைத் தாள்களில் ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். புற ஊதா ஒளி பட்டால் அது நீல வெள்ளையாக ஒளிரும். காகிதத்தில் இது பரவலாக வந்தது 1950-களுக்குப் பிறகுதான். 1910-ம் ஆண்டு கார்டு என்று சொல்லி விற்பது முழுசாக ஒளிர்ந்தால், சந்தேகப்படுங்க.

வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டறையில் ஒரு ஏ4 தாளையும் 500 ரூபாய் நோட்டையும் பக்கத்தில் வைத்து டார்ச் அடிங்க. ஏ4 தாள் ஜொலிக்கும். நோட்டின் தாள் மங்கலாகவே இருக்கும். வரிசை எண்ணும் சில இழைகளும் மட்டும் ஒளிரும்.

எந்தத் திருத்தம் எப்படித் தெரியும்?

• டச்-அப்: தேய்ந்த மூலையில் பூசிய புது வண்ணம், சுற்றியுள்ள அச்சிலிருந்து வேறுபட்டு திட்டாகத் தெரியலாம்.

• ஒட்டு: கிழிசலுக்குப் பின்னால் ஒட்டிய புதுத் தாளும், சில பசைகளும் தனியாக ஒளிரும்.

• அழித்த எழுத்து: 'பயன்படுத்தாத கார்டு' என்று விற்க, பழைய கடித எழுத்தை அழித்திருப்பார்கள். இரும்பு கலந்த பழைய மையாக இருந்தால், அதன் தடம் கருமையாகத் தெரிய வாய்ப்புண்டு.

• ஓரம் வெட்டியது: இதற்கு டார்ச் போதாது. அதே வகை கார்டு இன்னொன்றோடு ஸ்கேல் வைத்து அளக்கணும்.

எந்த டார்ச் நல்லது?

விலை குறைந்த டார்ச்சுகள் பல 395 நானோமீட்டர். அதில் ஊதா வெளிச்சமே அதிகம் தெரிந்து குழப்பும். 365 நானோமீட்டர் டார்ச்தான் பொருத்தம். கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. கார்டின் மீதும் சில விநாடிகள் போதும். அதிகம் பட்டால் சாயம் வெளுக்கும்.

இதை மறக்காதீங்க

ஒளிரவில்லை என்பதாலேயே கார்டு பழசு ஆகிவிடாது. அந்த ரசாயனம் இல்லாத தாள்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒளிர்வதெல்லாம் போலியும் இல்லை. சலவைத் தூளிலும் அதே வகை ரசாயனம் உண்டு. அந்தத் தண்ணீர் பட்டால் அசல் கார்டும் ஒளிரும்.

தாத்தா பெட்டியில் பழைய கார்டு கிடைத்தால், சுத்தம் செய்கிறேன் என்று கழுவிடாதீங்க. நல்ல கார்டும் சந்தேகக் கார்டாகிவிடும். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் டார்ச்சோடு நிறுத்தாமல், அச்சுப் புள்ளிகளை லென்ஸில் பாருங்க. தபால் முத்திரைத் தேதியையும் ஸ்டாம்பையும் ஒப்பிட்டுப் பாருங்க. டார்ச் புதுசைக் காட்டிக்கொடுக்கும். பழசுக்கு சர்டிஃபிகேட் தராது.