எலி முதுகில் முளைத்த முடி

1960களின் நடுப்பகுதி. புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் எலிகளின் முதுகைச் சிரைத்து, அந்த இடத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. லேசருக்கோ பத்து வயதுகூட ஆகவில்லை. 1960 மே 16 அன்றுதான் தியோடர் மைமன் கலிபோர்னியாவின் மாலிபுவில், ஹியூஸ் ஆய்வகத்தில், ஒரு ரூபிக் கம்பியிலிருந்து உலகின் முதல் லேசர் ஒளியை வரவழைத்திருந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பாஸ்டனில் பால் மக்கஃப் என்ற மருத்துவர் ரூபி லேசரால் விலங்குகளின் உடம்பில் இருந்த கட்டிகளை அழித்துக் காட்டினார். மெஸ்டர் பின்தொடர்ந்தது அந்தச் சோதனையைத்தான்.

ஆனால் மெஸ்டரிடம் இருந்த லேசர் பலவீனமானது. அது கட்டியை அழிக்கும் வேலையைச் செய்யவில்லை. வேறொன்று நடந்தது. ஒளி பட்ட எலிகளுக்குச் சிரைத்த இடத்தில் முடி சீக்கிரமாக முளைத்தது.

இன்னொருவராக இருந்தால் “மெஷின் சரியில்லப்பா” என்று மூடிவைத்துவிட்டுப் போயிருப்பார். மெஸ்டர் அந்த முடியைப் பிடித்துக்கொண்டார். 1967 வாக்கில் அதைப் பற்றி எழுதினார். பிறகு விலங்குகளின் காயங்கள், அடுத்து மனிதர்களின் நாள்பட்ட ஆறாப் புண்கள் என்று போனார். சுடாத, வெட்டாத, பட்டால் உணரக்கூட முடியாத ஒளி, காயத்தை ஆற்றுமா? இன்று ஆன்லைனில் விற்கிற சிவப்பு விளக்குப் பட்டைகள், முழங்கால் உறைகள், லேசர் பேனாக்கள் எல்லாவற்றுக்கும் பாட்டன் அந்தச் சிரைத்த எலி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், முடி முளைத்தது லேசர் என்பதால் இல்லை, லேசர் பலவீனமாக இருந்ததால் என்பதுதான். அதே ஒளி அதிகமாகப் போயிருந்தால் தோல் வெந்திருக்கும். ஆக இந்தத் துறை பிறந்ததே ஓர் அளவில். அதற்குப் பிறகான சண்டைகள் பெரும்பாலும் அந்த அளவைப் பற்றியவைதான்.

*

ஒளியால் உடம்பைச் சரிசெய்வது லேசருக்கு முந்தைய கதை. அதில் மூன்று பேரை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும்.

முதல் ஆள் நீல்ஸ் ஃபின்சன். ஃபாரோ தீவுகளில் 1860இல் பிறந்த டென்மார்க் மருத்துவர். அந்தக் காலத்தில் தோலில் வரும் காசநோய் முகத்தைத் தின்றுவிடும். மூக்கு போன ஆட்கள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள். ஃபின்சன் கார்பன் வில்விளக்கின் ஒளியைக் குவார்ட்ஸ் லென்ஸ்களால் குவித்து அந்தப் புண்ணில் பாய்ச்சினார். குவிந்த ஒளி சுடும் அல்லவா? அதனால் லென்ஸ் குழாய்க்குள் தண்ணீர் வைத்து வெப்பத்தை வடிகட்டினார். ரத்தம் ஒளியை உறிஞ்சிவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் ஓடும் ஒரு சிறு குவார்ட்ஸ் வில்லையைத் தோலில் அழுத்திப் பிடிப்பார். அழுத்திய இடத்தில் ரத்தம் விலகும், ஒளி உள்ளே போகும். ஒரு தடவைக்கு ஒரு சிறு வட்டம்தான். அதற்கே ஒரு மணி நேரம்போல ஆகும். இப்படி மாதக்கணக்கில். 1903இல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

இரண்டாவது ஆள் நம்மூர்க்காரர். தின்ஷா கதியாலி, பம்பாயில் பிறந்த பார்சி. அமெரிக்காவில் குடியேறி 1920இல் ‘ஸ்பெக்ட்ரோ குரோம்’ என்ற பெட்டியை அறிமுகப்படுத்தினார். உள்ளே ஒரு பல்பு, முன்னால் வண்ணக் கண்ணாடிகள். எந்த நோய்க்கு எந்த நிறம் என்று அட்டவணை. மருந்தும் வேண்டாம், அறுவையும் வேண்டாம், நோய் என்னவென்று கண்டறியக்கூட வேண்டாம் என்பது அவருடைய கொள்கை. மக்கள் அந்தப் பெட்டியை வீட்டில் வைத்துத் தாங்களே ஒளி காட்டிக்கொண்டார்கள். 1947இல் நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகர நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. 20,000 டாலர் அபராதம், ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பு. குணமானார்கள் என்று அவர் காட்டியவர்களில் சிலர் அதே நோயால் இறந்திருந்ததை அரசுத் தரப்பு எடுத்து வைத்தது.

மூன்றாவது ஆள் இங்கிலாந்தின் எசெக்ஸில், ராக்ஃபோர்டு மருத்துவமனையில் இருந்த சிஸ்டர் ஜீன் வார்டு என்ற நர்ஸ். குறைமாதக் குழந்தைகளை வெயில் படும்படி வெளியே கொண்டுபோவது அவருடைய பழக்கம். 1956இல் ஒரு நாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த ஓர் இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அங்கிருந்த டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போய், 1958இல் லான்செட் இதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள். நீல ஒளி பட்டால் தோலில் இருக்கும் பிலிருபின் மூலக்கூறின் வடிவம் மாறும், உடம்பு அதை எளிதாக வெளியேற்றும். “பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை, லைட்ல வச்சிருக்காங்க” என்று நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிறோமே, அந்த லைட் இதுதான்.

மூன்று பேர் கையிலும் இருந்தது ஒளிதான். ஃபின்சனும் ராக்ஃபோர்டு மருத்துவர்களும் எந்த ஒளி, எவ்வளவு, எதை மாற்ற என்று கேட்டார்கள்; மாறியதா என்று அளந்தும் பார்த்தார்கள். பிலிருபின் ஒரு எண். குறைந்ததா இல்லையா என்பது நாளைக்கே தெரியும். கதியாலியின் பெட்டியிலும் நிறம் இருந்தது, நேரம் இருந்தது, அட்டவணைகூட இருந்தது. ஆறியதா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

*

மெஸ்டருக்குப் பிறகு இந்தத் துறை நடந்தது இந்த இரண்டு பாதைக்கும் நடுவில்தான்.

முதலில் இயங்குமுறை. இருட்டில் டார்ச்சை உள்ளங்கையில் வைத்து அடித்துப் பார்த்திருப்பீர்கள். கை சிவப்பாக ஒளிரும். மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பித்து வருகிறது. ஏறக்குறைய 600 நானோமீட்டருக்குக் கீழே ரத்தம் ஒளியை மறிக்கிறது. 1000ஐத் தாண்டினால் தண்ணீர் மறிக்கிறது. நடுவில் ஒரு ஜன்னல். மைமனின் ரூபி ஒளி 694 நானோமீட்டர். அந்த ஜன்னலுக்குள் தற்செயலாக விழுந்தது.

உள்ளே போன ஒளி என்ன செய்கிறது? ரஷ்யாவில் வேலை செய்த டீனா காரு 1980களிலிருந்து ஒரு விளக்கத்தை வளர்த்தெடுத்தார். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது, செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பது அது. பாடப்புத்தகப் படம்போல அழகான விளக்கம். ஆனால் அந்த நொதியே இல்லாத செல்களும் ஒளிக்கு எதிர்வினை காட்டியதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை.

பிறகு நாசா. விண்வெளியில் செடி வளர்க்கச் சிவப்பு எல்இடி விளக்குகளைச் செய்தார்கள். 1995இல் கொலம்பியா விண்கலத்தில் உருளைக்கிழங்கு வளர்த்தார்கள். விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியின் ஹாரி வீலன் அதே வகை விளக்குகளைக் காயங்களில் சோதித்தார். இது ஒரு திருப்பம். லேசரின் ஒழுங்கான அலைவரிசை திசுவுக்குள் போனதும் சிதறிவிடும் என்றால், விலை குறைந்த எல்இடியே போதாதா? அதனால்தான் பின்னாளில் பெயரிலிருந்து லேசரை எடுத்துவிட்டு ‘ஃபோட்டோபயோமாடுலேஷன்’ என்றார்கள். வீட்டுச் சந்தைக்குக் கதவு திறந்தது இங்கேதான்.

இனி மனிதர்களிடம் கிடைத்த பலன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சான்று இருக்கும் இடங்கள் உண்டு. புற்றுநோய் சிகிச்சையில் வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போகும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் சில பிரிவினருக்கு அந்தப் புண் வராமல் தடுக்க இந்த ஒளியைச் சர்வதேச வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. அதிலும் அலைநீளம், திறன், நேரம் எல்லாம் குறிப்பிட்டே பரிந்துரைக்கின்றன. 2009இல் லான்செட்டில் கழுத்துவலி பற்றி ஒரு தொகுப்பாய்வு வந்தது. 16 சோதனைகள், 820 நோயாளிகள்; வலி குறைந்தது என்பது முடிவு. மறுபக்கம், முதுகுவலிக்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் காக்ரேன் தொகுப்பு சொன்னது.

இன்னொரு வேடிக்கை. 2007இல் அமெரிக்க எஃப்.டி.ஏ., ஆண்களின் முடி உதிர்வுக்கு ஒரு லேசர் சீப்பை விற்க அனுமதித்தது. நாற்பது ஆண்டுகள் சுற்றி, கதை எலியின் முதுகுக்கே வந்துவிட்டது.

*

இனி வீடு. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கருவியின் பெட்டியைப் பாருங்கள். 660, 850 என்று அலைநீளம் இருக்கும். எத்தனை பல்பு என்று இருக்கும். தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் விழுகிறது என்பது பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று இருக்காது.

ஏன் இது முக்கியம்? கணக்கு சின்னதுதான். ஒரு மில்லிவாட் ஆயிரம் வினாடி விழுந்தால் ஒரு ஜூல். ஒரு புள்ளிக்கு 4 ஜூல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 200 மில்லிவாட் கருவிக்கு 20 வினாடி போதும். 5 மில்லிவாட் லேசர் பேனாவுக்கு 800 வினாடி, அதாவது 13 நிமிடம் 20 வினாடி. அதுவும் ஒரே ஒரு புள்ளிக்கு. முழங்காலைச் சுற்றிப் பத்துப் புள்ளி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதே 4 ஜூல் நூறு சதுர சென்டிமீட்டரில் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது 0.04 ஜூல்தான்.

சரி, அதிகமாகக் காட்டிவிட்டால்? செல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் வடிவம் ஒரு மேடு. குறைவாகப் போனால் ஒன்றும் நடப்பதில்லை, அளவாகப் போனால் பலன், மிஞ்சினால் பலன் மறைகிறது, சில நேரம் தலைகீழாகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்குத் தெரிந்ததுதான். அளவு எவ்வளவு என்று மட்டும் பழமொழி சொல்லவில்லை.

“அதெல்லாம் விடு, எனக்குச் சரியாச்சே” என்பார் என்னோடு பேட்மிண்டன் ஆடும் நண்பர். கணுக்கால் பிசகி, மூன்றாவது நாள் கருவி வாங்கி, இரண்டு வாரத்தில் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். லேசான பிசகு ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே தேறும். நாம் கருவி வாங்குவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்துக்குப் பிறகு எதை வாங்கியிருந்தாலும் வலி இறங்கத்தான் செய்யும். தானாக ஆறும் காயம்போல ஒரு விற்பனைப் பிரதிநிதி எந்தக் கம்பெனிக்கும் கிடைக்காது. போலிக் கருவி வைத்து ஒப்பிடும் சோதனைகள் தேவைப்படுவது இதனால்தான். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்தச் சோதனையைச் செய்வது எளிது. எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று நோயாளிக்கே தெரியாது.

‘எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது’ என்ற முத்திரையையும் கொஞ்சம் பிரித்துப் படிக்க வேண்டும். பல வீட்டுக் கருவிகள் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒன்றுக்கு நிகரானவை என்ற வழியில் அனுமதி பெறுகின்றன. சில, வெறும் அகச்சிவப்பு விளக்கு என்ற வகையில் வருகின்றன. சூடு கொடுத்துத் தசைவலியைத் தற்காலிகமாகக் குறைக்கலாம் என்பதற்கு மேல் அந்தக் காகிதத்தில் ஒன்றும் இருக்காது. வெந்நீர்ப் பைக்கும் அந்தத் தகுதி உண்டு.

கணுக்கால் என்றால் போகட்டும், நஷ்டம் சில ஆயிரம். எங்கள் பெரியம்மாவுக்கு வெளிநாட்டிலிருந்து பேரன் ஒரு சிவப்பு விளக்கு அனுப்பியிருந்தான். பெரியம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. “ஏன்டா, இத எவ்ளோ நேரம் காட்டணும்?” என்று என்னைக் கேட்டார். எதுக்கு என்று கேட்டதும் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். கட்டை விரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு புண். வலி இல்லையாம். வலி இல்லாததுதான் பயமே. நரம்பு மரத்த பாதம் அழாது. அன்றே டாக்டரிடம் போனோம். செத்த சதையை வெட்டி எடுத்தார், கால் ஊன்றாமல் இருக்கச் சொன்னார், சர்க்கரை மருந்தை மாற்றினார். விரல் பிழைத்தது.

அவருடைய கேள்விதான் சரியான கேள்வி. எவ்வளவு நேரம்? பெட்டிக்குள் இருந்த தாளில் அதற்குப் பதில் ‘10 முதல் 20 நிமிடம்’. எந்தக் காயத்துக்கு, எவ்வளவு தூரத்தில், எத்தனை ஜூலுக்கு என்று எதுவும் இல்லை. மெஸ்டரும் நாள்பட்ட புண்களுக்கு ஒளி காட்டினார்தான். ஆனால் அது மருத்துவமனையில், புண்ணைத் தினம் பார்க்கும் ஆட்கள் சுற்றி இருக்க நடந்தது. வீட்டில் அந்தக் கருவியால் வரும் பெரிய ஆபத்து ஒளியில் இல்லை. ‘ஏதோ வைத்தியம் நடக்கிறது’ என்ற நிம்மதியில் கழியும் மூன்று வாரங்களில் இருக்கிறது.

இருந்தும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். காயம் என்னவென்று முதலில் ஒரு டாக்டர் சொல்லட்டும். தோலில் விழும் மில்லிவாட்டைத் தூரத்தோடு எழுதிக் கொடுக்காத கருவியை ஒதுக்குங்கள். லேசர் என்றால் அதற்கான கண்ணாடி கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு இமை மூடாது. 5 மில்லிவாட்டுக்கு மேல் விழித்திரையோடு விளையாடக் கூடாது. புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் டாக்டரைக் கேட்காமல் காட்டாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன உடற்பயிற்சியை விளக்கு இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள். தொடங்கும் நாளில் ஒரு தேதியையும் குறித்துவையுங்கள். அதற்குள் இன்ன அளவு தேறவில்லை என்றால் கருவியை அலமாரியில் வைத்துவிட்டு மறுபடியும் டாக்டரிடம் போவது என்று. மெஸ்டர்கூட முடியைச் சும்மா பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ஒளி படாத எலிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.