கண்மாய்க் கரையில் வளர்ந்த ஊராட்சி

யூபிலி ஆண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் ஆண்டு. இழந்த நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும் எனப் பழைய ஏற்பாடு விதித்த ஆண்டும் அதுவே. ஆகவே நம் பங்கின் வரலாற்றோடு, நம் ஊர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்ட வரலாற்றையும் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

புதுக்கோட்டைச் சீமையின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாயும் குளமும் ஊருணியுமே மக்களுக்கு உயிர். இங்குள்ள பழங்கல்வெட்டுகள் ஊரார், நாட்டார், நகரத்தார் எனும் அவைகளைப் பேசுகின்றன. குளத்திற்குக் குமிழி அமைத்துக் கொடுத்தோரின் பெயர்களும் கல்லில் நிலைத்துள்ளன. தண்ணீரைக் காக்க ஊர் கூடிற்று. ஆனால் அந்த அவைகளில் நிலமுடையோரின் குரலே ஓங்கி ஒலித்தது.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை அமைக்க வழிசெய்தது. 1974 சனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆயினும் ஊராட்சித் தேர்தல் 1970-க்குப் பின் 1986-இலும், அதன்பின் 1996-இலுமே நடைபெற்றது.

அரசியலமைப்பின் 73-வது திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடங்களையும், பட்டியலினத்தாருக்கு அவர்தம் மக்கள்தொகைக்கேற்ற இடங்களையும் உறுதி செய்தன. 2016-இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகிய மாவட்டம் இது. அவர்கள் ஊராட்சியின் தலைமையிலும் அமர வழி பிறந்தது.

எனினும் சட்டம் மட்டும் மனத்தை மாற்றாது. 2022 டிசம்பரில், பட்டியலின மக்கள் வாழும் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமை வெளிப்பட்டது. அன்று நாடே நம் மாவட்டத்தைப் பார்த்துத் தலைகுனிந்தது.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிவுற, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவரின் நாற்காலி காலியாகலாம். கிராம சபைக்கோ பதவிக்காலம் என்பதே இல்லை. ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறுமுறை அது கூடுவதற்கு 2022-இல் ஏற்பாடு செய்யப்பட்டது.

அந்நாள்களில் நாம் எங்கே இருக்கிறோம்? திருப்பலியில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்ணும் நாம், ஊர்த் தண்ணீரையும் பேதமின்றிப் பகிர்வதற்குக் கிராம சபையில் எழுந்து பேசுவோம். அதுவே இந்த யூபிலிக்கு நாம் செலுத்தும் நன்றிக் காணிக்கையாகும்.