பென் டிரைவில் அடங்கிய கணினி

கூடலூர் தொடங்கிச் சின்னமனூர் வரை பல வீட்டுப் பரணில் பழைய விலையில்லா மடிக்கணினி தூங்குகிறது. "ஹார்டு டிஸ்க் போயிருச்சு சார்" என்கிறார்கள் என் மாணவர்கள். எடைக்குப் போடுமுன் இந்த வரலாற்றைக் கேளுங்கள்.

கணினி ஓட ஹார்டு டிஸ்க் கட்டாயமில்லை. 1980களில் டாஸ் இயங்குதளம் ஒரே ஃபிளாப்பியில் அடங்கியது. அதைச் செருகித்தான் கணினியை எழுப்பினோம். 2000இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், லினக்ஸைச் சுருக்கி ஒரு சிடியிலிருந்தே ஓடவைத்தார். அதுதான் நாப்பிக்ஸ். 2003இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் பப்பி லினக்ஸை வெளியிட்டார். சில நூறு எம்பிதான். மொத்தமும் ராமில் ஏறிக்கொள்வதால் பழைய கணினியிலும் வேகமாக ஓடும்.

நம் பக்கமும் முயற்சி நடந்தது. சென்னை சிடாக் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் வந்தது. என் மாணவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் சிலரே. மலையேறிக் குமுளியைத் தாண்டினால், கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள்.

செலவு ஒரு 4 ஜிபி பென் டிரைவ்தான். பப்பியை அதில் ஏற்றி, பூட் மெனுவில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். அணைக்கும்போது மறக்காமல் சேமியுங்கள். இல்லாவிட்டால் செய்த வேலை போய்விடும்.

சின்னப் போன் திரையில் கண்ணைச் சுருக்கி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கும். பரணில் இருப்பதை இறக்குங்கள்.