காலராக் கிருமியின் சிறு ஆர்.என்.ஏ.க்கள்

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே பாக்டீரியாவில், புரதம் எதையும் உருவாக்காமல் பிற மரபணுக்களின் வேலையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் குட்டையான ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் உள்ளன. பெரும்பாலானவை 50 முதல் 300 எழுத்து நீளம் கொண்டவை. கிருமி எப்போது குடலில் ஒட்டிக்கொள்ள வேண்டும், எப்போது நச்சைச் சுரக்க வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பவற்றை முடிவு செய்வதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

வங்கக் கடற்கரைத் தமிழர்களுக்கு இந்தக் கிருமி பழைய பகை. 1992 அக்டோபரில் சென்னையில் வெளிப்பட்ட ஓ139 வகை, ஓ1 அல்லாத காலராக் கிருமியாலும் கொள்ளைநோய் பரவக்கூடும் என்பதை முதன்முதலாகக் காட்டியது. கொல்கத்தாவின் தேசிய காலரா நிறுவனத்தைச் சேர்ந்த டி. ராமமூர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் அதை 1993இல் லான்செட் இதழில் அறிவித்தனர். 1823இல் பிரெஞ்சு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய புதுச்சேரி ஜிப்மரின் நுண்ணுயிரியலாளர்களும் உள்ளூர் நோயாளிகளிடமிருந்து பிரித்த காலராக் கிருமிகளை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மற்றொரு பகுதியான காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவியபோது, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது.

பாக்டீரியாவின் சிறு ஆர்.என்.ஏ.க்கள் முதலில் கவனத்துக்கு வந்தது மனிதக் குடலில் வாழும் ஈ.கோலையில்தான். 6எஸ் என்ற ஆர்.என்.ஏ. 1967இலேயே கண்ணில் பட்டும், அதன் வேலை என்னவென்று தெரிய 2000 வரை ஆயிற்று. 1981இல், பிளாஸ்மிடு ஒன்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு சிறு ஆர்.என்.ஏ. என்று தெரிந்தது. 1984இல் மசயோரி இனோயே குழு மிக்எஃப் என்பதைக் கண்டது. இது ஓஎம்பிஎஃப் என்ற வெளிச்சவ்வுப் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வோடு இணைசேர்ந்து, அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கிறது. இருந்தும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு இவை அபூர்வ விதிவிலக்குகளாகவே கருதப்பட்டன. 2001இல் மூன்று குழுக்கள் ஈ.கோலையின் மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளைத் தேடி, கைநிறையச் சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டுவந்தன.

காலரா ஆய்வு அதுவரை புரதங்களின் வழியே நடந்தது. ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் கிருமியை உறுதி செய்தார்; அதே நகரில் சம்பு நாத் தே 1959இல் நச்சைக் கண்டார்; 1984இல் டாக்ஸ்ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் தெரிய வந்தது. 2002இல், கிருமிகள் தங்கள் கூட்டத்தின் அடர்த்தியை உணர்ந்து நச்சுச் சுரப்பை முடிவு செய்வது வெளியானது. இதில் ஒரு முடிச்சு இருந்தது. லக்ஸ்ஓ என்ற புரதம் மரபணுக்களைத் தூண்டும் வகையைச் சேர்ந்தது. ஆனால் அது இயங்கும்போது, நச்சை அடக்கும் ஹாப்ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் குறைந்தது. நடுவில் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அது இன்னொரு தடுப்புப் புரதமாக இருக்கும் என்றே முதலில் நினைத்தார்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெரிக் லென்சும் போனி பாஸ்லரும் விடையை வேறிடத்தில் கண்டார்கள். காலராக் கிருமியின் ஒளிவீசும் உறவான விப்ரியோ ஹார்வேயியில், லக்ஸ்ஓ ஓயாமல் இயங்குவதால் இருண்டே கிடந்த வகையை எடுத்து, மீண்டும் ஒளிரும் பிறழ்வுகளைத் தேடினார்கள். கிடைத்தது ஹெச்எஃப்க்யூ, சிறு ஆர்.என்.ஏ.க்களைத் தாங்கி இணைத்துவைக்கும், ஆறு துண்டுகளால் ஆன வளையப் புரதம். அப்படியானால் நடுவில் இருப்பது ஆர்.என்.ஏ.தான். காலராக் கிருமியின் முழு மரபணுத் தொகுதி 2000இல் வெளியாகியிருந்ததால், அதில் கணினி வழியே தேடி, க்யூஆர்ஆர் என்று பெயரிட்ட நான்கைக் கண்டு, 2004இல் செல் இதழில் வெளியிட்டனர். நான்கில் ஒன்றை நீக்கினாலும் மூன்றை நீக்கினாலும் கிருமி மாறவில்லை. நான்கையும் நீக்கியபோதே மாறியது. ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று வேலையை ஏற்றுக்கொள்ளும்போது, ஒற்றைப் பிறழ்வுகளைத் தேடும் பழைய முறை இவற்றை எப்படிக் கண்டிருக்கும்? இத்தனை காலம் இவை மறைந்திருந்ததற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இயங்கும் விதம் இது. கூட்டம் சிறிதாக இருக்கும்போது லக்ஸ்ஓ பாஸ்பேட்டைச் சுமந்து நின்று க்யூஆர்ஆர்களை எழுதவைக்கிறது. அவை ஹெச்எஃப்க்யூ துணையோடு ஹாப்ஆரின் தூது ஆர்.என்.ஏ.வைப் பற்றிச் சிதையவைக்கின்றன. தடுக்க ஹாப்ஆர் இல்லாததால் ஏஃப்ஏ என்ற தூண்டுபுரதம் எழுகிறது. அதன் வழியே ஒட்டும் இழைகளும் நச்சும் உருவாகின்றன. கிருமிகள் பெருகி, அவை வெளிவிடும் சமிக்ஞை வேதிப்பொருள்கள் சேர்ந்ததும் லக்ஸ்ஓ பாஸ்பேட்டை இழக்கிறது, க்யூஆர்ஆர் நிற்கிறது, ஹாப்ஆர் ஓங்குகிறது. நச்சு அடங்க, குடலிலிருந்து கழன்றுபோக உதவும் புரோட்டியேசு வெளிப்படுகிறது. வயிற்றுப்போக்கோடு வெளியேறும் கிருமி அடுத்தவரின் குடிநீரைத் தேடுவது இப்படித்தான்.

பிறவற்றுள் இரும்புச் சிக்கனத்துக்கு ஆர்ஒய்ஹெச்பி, வெளிச்சவ்வுக்கு விஆர்ஆர்ஏ, குளுக்கோஸ் உறிஞ்சலுக்கு டார்ஏ ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 2009இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கமிலி குழு, வரிசையறிதல் மூலம் நூற்றுக்கணக்கான புதிய சிறு ஆர்.என்.ஏ.க்கள் இருக்கக்கூடும் என்று காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் வேலையை இன்னும் ஒவ்வொன்றாகக் கண்டறிய வேண்டியிருக்கிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. மரபணுத் தொகுதி முதலில் அறியப்பட்ட என்16961 வகையில் ஹாப்ஆர் மரபணுவே பழுதானது. நோயாளிகளிடமிருந்து பிரித்த வேறு சில வகைகளிலும் அப்படியே. ஆகவே மேலே சொன்ன பாதையை எல்லாக் காலராக் கிருமிக்கும் பொதுவென்று கொள்ளலாகாது.

2015இல் பாஸ்லர் குழு விக்யூஎம்ஆர் என்ற சிறு ஆர்.என்.ஏ.வை விவரித்தது. கிருமிகள் பசைப் படலமாகத் திரளத் தேவையான விபிஎஸ்டி மரபணுவை இது அடக்குகிறது. கழிமுகங்களிலும் கடலோர நீரிலும் காலராக் கிருமி மிதவையுயிரிகளின் மேல் இப்படித் திரளாக ஒட்டி வாழ்கிறது. ரீட்டா கோல்வெல் குழு வங்கதேச ஊர்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டிய குடும்பங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. சேலை மடிப்பில் சிக்கியவை அந்த மிதவையுயிரிகளும் அவற்றோடு ஒட்டியிருந்த கிருமிகளுமே.